காத்தால மொதத் தண்ணி

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கோ கண்ணு. எனக்கு வேண்டாம், காத்து மூஞ்சியில அடிச்சா நான் பேசறது உனக்குக் கேக்காது. உடுமலையா? நானும் உடுமலைதான். அட, அப்ப கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் போறோம். அந்தக் காதுல மாட்டியிருக்கறதச் சித்தெ எடுத்து வைக்கறயா? நல்ல புள்ள. உன்ற பாட்டைக் கெடுக்கறன்னு நெனைக்காத, பொள்ளாச்சி தாண்டறதுக்குள்ள முடிச்சர்றேன்.

மருமகளைப் பாக்கப் போறேன். தாரணின்னு பேரு, உன்ற வயசுதான் இருக்கும். அவ அம்மா ஊட்டுல இருக்கறா. கோவமெல்லாம் இல்ல, கோவம்னு யாரு சொன்னா? எங்களுக்குள்ள ஒரு சின்னத் தண்ணிப் பிரச்சனை. தண்ணி வராத பிரச்சனை இல்ல கண்ணு. தண்ணி நெம்ப நல்லா வந்ததுதான் பிரச்சனை. சிரிக்கறயா? சிரி, சிரி. நானும் சிரிச்சேன்.

எங்கூட்டுக்காரருக்குக் கணபதி பஸ் ஸ்டாப்புகிட்ட மோட்டார் பட்டறை. கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னா கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க. இவரு உள்ள கருகிக் கெடக்கற கம்பியை உருவிப்போட்டு, புதுச் செம்புக் கம்பி சுத்திக் குடுப்பாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் வாயில செம்பைத் தவிர வேற பேச்சு வந்ததில்ல. செம்பு நமக்குச் சோறு போட்ட சாமிம்பாரு. ஆக்கிப் போட்டவ நானு. என்னைய ஒரு நாளு அப்பிடிச் சொல்லியிருப்பாரா?

அப்பேர்ப்பட்டவரு புது ஊடு கட்டினா என்ன பண்ணுவாரு? பிளம்பரு பிளாஸ்டிக் குழாய் போடலாமுன்னாரு. இவரு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு. மொட்டை மாடித் தொட்டியில இருந்து அடுப்படி வரைக்கும், குளிக்கற ரூமு வரைக்கும், அத்தனையும் செம்புக் குழாய். ஊருல எல்லாரும் ராத்திரி சொம்புல தண்ணி ஊத்தி வெச்சு, காத்தால வெறும் வயித்துல குடிக்கறாங்கல்ல? இவரு கணக்கு என்னன்னா, நம்மூட்டுல குழாயே சொம்பு. ராத்திரி பூரா தண்ணி அதுக்குள்ள நிக்கும், காத்தால தெறந்தா மருந்து. எப்பிடி மூளை பாத்தியா? எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு. போர்த் தண்ணியை அப்பிடியே விட்டா உப்புப் படிஞ்சு குழாய் வீணாப் போயிருமுன்னு, மாடியில பெரிய ஆர்ஓ மிசினு வேற. ஊட்டுக்கே சேத்து. தண்ணியில இருக்கற உப்பு, சுண்ணாம்பு, எல்லாத்தையும் அது புடிச்சு வெச்சுக்கிட்டு வெறும் தண்ணியைக் கீழ அனுப்பும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒறம்பரை அத்தனை பேரும் ஊட்டைப் பாக்கல கண்ணு, குழாயைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க.

நான் அந்தத் தண்ணியைக் குடிக்கல. இது உப்புத் தண்ணி குடிச்சு வளந்த நாக்கு, அது சப்புனு இருந்துச்சு. பொறத்தால போர்க் குழாயில ஒரு கொடம் புடிச்சு வெச்சுக்குவேன். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சதும் பட்டறைக்கு ஓடீருவாரு, அங்க டீக்கடையிலதான் வாய் நனைப்பாரு. பையன் சபரீசுக்கு கம்பெனியில கேன் தண்ணி. அப்ப அந்த மருந்தை முழுசா அனுபவிச்சது யாருன்னா, தாரணிதான். ஊட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவ. பொழுதன்னிக்கும் அதே தண்ணிதான்.

ஒரு நாள் காத்தால பாத்தா, வாஷ்பேசின்ல நின்னு ஓங்கரிக்கறா.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும், நீயே சொல்லு! கல்யாணமாயி மூணு வருசம். நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல கண்ணு. கேக்கற மாமியார் நான் இல்ல. கோயிலுக்குப் போனா வேண்டிக்குவேன், அவ பக்கத்துல நிக்கறப்பச் சித்தெ சத்தமா வேண்டிக்குவேன், அவ்வளவுதான். அவ வாயைத் தொடச்சுட்டுத் திரும்பறா, நான் கையில கரண்டியோட ஆடறேன். நெசமாலுமே ஆடினேன். இந்த ஒடம்பை வெச்சுக்கிட்டு! அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை, இன்னும் நாளே தள்ளலீங்கன்னா. வெக்கம்னு விட்டுட்டேன். மக்யாநாளும் வாந்தி. அதுக்கு அடுத்த நாளும் வாந்தி. மருந்துக் கடையில ஒரு குச்சி விக்கறாங்கல்ல, கோடு வருமே, அதை வாங்கிப் பாத்துட்டு எங்கிட்டக் கொண்டாந்து காட்டினா. ஒரு கோடுதானுங்க அத்தை இருக்குது, இல்லைன்னுதானுங்க அர்த்தம்னா. பிளாஸ்டிக் குச்சிக்கு என்ன கண்ணு தெரியும்? நான் பெத்தவ. குச்சி பெத்துச்சா?

மூணு மாசம் ஆகாம வெளிய சொல்லக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் வெளிய யாருகிட்டயும் சொல்லல. எங்கக்காகிட்டச் சொன்னேன். நாத்தனார்கிட்டச் சொன்னேன். மகளிர் குழு வாட்சப்புல ஒரு பொம்மை அனுப்பினேன், கொழந்தை தவழற பொம்மை, அதைப் பாத்து அவங்களே புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்? பால்காரருகிட்டச் சொல்லித்தான் ஆகோணும், அரை லிட்டரு கூடப் போடறதுக்குக் காரணம் கேப்பாரல்ல. பூசாரி கேக்கவேயில்ல, நானாச் சொன்னேன், சாமிகிட்டச் சொன்ன மாதிரின்னு. காய் விக்கற பாக்கியம் பக்கத்துல நின்னு கேட்டுருச்சு. அப்பறம் நம்ம தெருவுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல.

இதுல பாரு, அவளை நான் எப்பிடித் தாங்கினேன்னு. காத்தால எந்திரிச்சதும் நானே போயி அடுப்படிக் குழாயைத் தெறந்து, ராத்திரி பூரா நின்ன மொதத் தண்ணியை ஒரு பெரிய சொம்பு நெறையப் புடிச்சு, கட்டில்லயே கொண்டுபோயிக் குடுப்பேன். வயித்துல இருக்கறதுக்கு எலும்பு கெட்டியாகும் குடின்னு. ஒரு மாதிரி இரும்பு நாத்தம் அடிக்குதுங்க அத்தைம்பா. மாசமா இருக்கறவளுக்கு எல்லாம் நாறும் கண்ணு, மூக்கைப் புடிச்சுட்டுக் குடின்னு சொல்லுவேன். குடிச்சர்றது. கால் மணி நேரத்துல வாந்தி. வாந்தி எடுக்க எடுக்க எனக்கு சந்தோசம். வாந்தி சாஸ்தியாச்சுன்னா ஒடம்புல சத்து பத்தலைன்னுதான அர்த்தம்? அப்ப இன்னும் அரைச் சொம்பு கூட.

ரெண்டு நாளு அவ அம்மா ஊட்டுக்குப் போயிருந்தா. அங்க வாந்தியே இல்லையாம், ரெண்டு வேளை பிரியாணி சாப்பிட்டாளாம். அம்மாவைப் பாத்த தெம்புன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்குச் சித்தெ வருத்தம்கூட. நான் இத்தனை பண்றேன், எங்கிட்ட வந்தா வாந்தி, அங்க போனா பிரியாணியா?

அப்பறம் ஒண்ணு நடந்துச்சு. அவளுக்கு நெசமாவே நாளு தள்ளிப்போச்சு. நான் காலண்டரைப் பாத்துட்டுச் சொன்னேன், இப்ப என்ன சொல்ற கண்ணுன்னு. அவளும் வந்து எண்ணிப் பாத்தா. அன்னையில இருந்து அவ இல்லைன்னு ஒரு வார்த்தை பேசல. ஸ்கூட்டர் ஓட்டறத நிறுத்திட்டா. மாடிப்படி எறங்கறப்பச் செவுத்தைப் புடிச்சுட்டு எறங்குவா. நான் தண்ணியைக் கொண்டு போனா, எந்திரிச்சு உக்காந்து, கண்ணை மூடிட்டு, ஒரே மூச்சுல குடிச்சுட்டுச் சொம்பைக் குடுப்பா. வாந்தி வந்தாலும் வந்துட்டு, மறுக்கா ரெண்டு மொடக்கு அவளாவே குடிப்பா. வழிக்கு வந்துட்டாளேன்னு எனக்கு அப்பிடியொரு நிம்மதி. டாக்டருகிட்டப் போலாம் வான்னாத்தான் இன்னிக்கு வேலை இருக்குது, நாளைக்குப் பாக்கலாமுன்னு தள்ளிட்டே இருந்தா. அலமாரியில துணி அடுக்கறப்பப் பாத்தேன், அந்தக் குச்சியில இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கறா. பிரிக்கவேயில்ல. இந்தக் காலத்துப் புள்ளைக எல்லாத்தையும் வாங்கிப் போடறது, வெச்சு மறந்தர்றது. நீயும் அப்பிடித்தான? தலையை ஆட்டற பாரு.

கெணத்துக்கடவு வந்துருச்சா? பரவாயில்ல, நெறைய இருக்குது இன்னும்.

ஒரு ஞாயித்துக்கெழமை சேதி கேட்டுச் சம்பந்தி ஊட்டுல இருந்து வந்தாங்க. தாம்பாளத்துல பழம், பூவு, மைசூர்பாகு, முறுக்கு, வேனு நெறையச் சனம். தாரணியோட அப்பா பெரிய மீசைக்காரரு, வாயைத் தெறந்து சிரிச்சு நான் பாத்ததில்ல, அன்னிக்குச் சிரிச்சாரு. வந்தவங்களுக்குச் சாதாரணத் தண்ணியா குடுக்கறது? காத்தாலயே மொதத் தண்ணியைப் பெரிய அண்டாவுல புடிச்சு வெச்சிருந்தேன். அதுல எலுமிச்சம்பழம் புழிஞ்சு, சக்கரை போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளரு. வெயில்ல வந்தவங்க, ரெண்டு டம்ளரு குடிச்சவங்களும் உண்டு. எங்கூட்டுக்காரரு நடு ஹால்ல நின்னு குழாயைப் பத்திப் பிரசங்கம் பண்ணிட்டு இருக்கறாரு. மொதல்ல மீசைக்காரரு எந்திரிச்சாரு. வாஷ்பேசின் எங்கன்னு கேட்டாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள அவரு தம்பி போனாரு. அப்பறம் தாரணியோட சித்தப்பா மாப்பிள்ளை. வாஷ்பேசின் முன்னால ஆம்பளைக எல்லாம் வயித்தைப் புடிச்சுட்டு வரிசையில நிக்கறாங்க கண்ணு, ரேசன் கடையாட்ட! பொறத்தால கொய்யா மரத்தடியில ரெண்டு பேரு. ஊட்டுத் தண்ணியை அன்னிக்குத்தான் மொத மொதல்ல குடிச்ச எங்கூட்டுக்காரரும் பேச்சைப் பாதியில விட்டுட்டு மரத்தடிக்கு ஓடறாரு.

சம்பந்தியம்மா என்னையப் பாத்து, "ஏனுங்க சம்பந்தி, உங்கூட்டுல ஆம்பளைகளுக்கும் மசக்கை வருமாட்ட இருக்குது?"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு தாங்கல. கட்டில்ல விழுந்து சிரிக்கறேன். எல்லாரும் சிரிச்சாங்க. தாரணி ஒருத்திதான் சிரிக்கல. செவுத்தோரமா நின்னுட்டு, வாஷ்பேசினையே பாத்துட்டு இருந்தா. அந்தப் பீங்கான்ல குழாய்க்கு நேரா, பச்சையும் நீலமுமா ஒரு கோடு எறங்கியிருக்கும். நான் டெய்லி தேய்க்கறேன், போகல. புளி போட்டுத் தேய்ச்சாப் போகும், அதுக்கு எங்க நேரம்?

மக்யாநாள் டாக்டருகிட்டப் போனோம், சபரீசு, தாரணி, நானு. டாக்டரம்மா அத்தனையும் கேட்டுச்சு. எல்லாரும் சேந்து என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுச்சு. மைசூர்பாகு சாப்பிடாதவங்களுக்கும் வாந்தி, முறுக்கு தொடாதவங்களுக்கும் வாந்தி. கடைசியா மிச்சம் நின்னது தண்ணிதான். பாட்டில்ல புடிச்சு லேபுக்குக் குடுக்கச் சொல்லுச்சு, தாரணிக்கு ஒரு ஸ்கேனும் எழுதிக் குடுத்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட்டோட போனா, தண்ணியில செம்பு இருக்கலாம்ங்கற அளவுக்குப் பல மடங்கு மேல. அந்தம்மா சொல்லுச்சு, ஆர்ஓ தண்ணி எல்லாத்தையும் எடுத்துட்ட வெறுந் தண்ணி, அது படற எடத்துல இருந்தெல்லாம் எடுத்துக்கும், ராத்திரி பூரா புதுச் செம்புக்குள்ள நின்னா செம்பைக் கரைச்சுக்கும், காத்தால மொதல்ல வர்றதுலதான் அத்தனையும் இருக்கும்னு. நல்லவேளை சீக்கிரம் வந்தீங்க, தண்ணியை மாத்தினாச் சரியாப் போயிரும்னு சொல்லுச்சு. அதே மூச்சுல ஸ்கேனையும் பாத்துட்டு, கொழந்தையெல்லாம் இல்லீங்க, வாந்தி எடுத்து எடுத்து ஒடம்பு எளைச்சதுல நாளு தள்ளியிருக்குதுன்னுச்சு.

எனக்குச் சந்தோசம் தாங்கல கண்ணு! செம்புதானா! ஸ்கேனுக்கு எழுதினதுல இருந்து நான் வயித்துல கட்டி கிட்டின்னு என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன். அங்கயே ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுட்டு அக்காளுக்குப் போன் போட்டு, குழாய் மாசமாயிருச்சக்கான்னு சொல்லிச் சிரிக்கறேன். நர்ஸ் வந்து அதட்டற வரைக்கும் சிரிக்கறேன். திரும்பிப் பாத்தாத் தாரணியைக் காணோம். பாத்ரூம்ல இருந்தா. நெம்ப நேரமா இருந்தா. இங்கயும் வாந்தியான்னு கதவுகிட்டப் போயிக் காதை வெச்சுக் கேட்டேன். வாந்திச் சத்தம் கேக்கல. குழாயைத் தெறந்து விட்டுட்டுச் சும்மா நின்னுருப்பா போல. அன்னிக்குச் சாயங்காலம் அவ அம்மா ஊட்டுக்குப் போறேன்னா. ஒடம்பு தேறட்டும்னு நானே முறுக்கெல்லாம் கட்டிக் குடுத்து அனுப்பினேன்.

இதுக்குள்ள நம்மூட்டுல குழாயை எல்லாம் பேத்தாச்சு. எங்கூட்டுக்காரரு அழுவாத கொறை. செம்பு மேல தப்பில்லீங்க, தண்ணி மேலதான் தப்புன்னு இன்னைக்கும் சொல்லிட்டுத்தான் இருக்கறாரு. அந்தக் குழாயெல்லாம் பட்டறையில துணி போட்டு மூடி வெச்சிருக்கறாரு, பிளாஸ்டிக் போட்டவனோட பேசறதில்ல. நான் தாரணிக்குப் போன் பண்ணி, எல்லாம் மாத்தியாச்சு வா கண்ணுன்னேன். குழாய் இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க அத்தைங்கறா. எனக்குப் பொக்குனு போயிருச்சு. அப்பறம் எதுக்கு அத்தனை செவுத்தை ஒடைச்சோம்? அப்பத்தான் சொன்னா.

"நீங்க யாரு யாருகிட்டச் சொன்னீங்களோ, அவங்க அத்தனை பேருகிட்டயும் நீங்களே போயி இல்லைன்னு சொல்லுங்க அத்தை. அதுக்கப்பறம் வர்றேன்."

இவ்வளவுதானா? இதென்ன பெரிய காரியம்! பேசறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கோணும்? அன்னிக்கே ஆரம்பிச்சேன். பால்காரருகிட்டச் சொன்னேன், அரை லிட்டரைக் கொறைச்சுட்டாரு. பூசாரிகிட்டச் சொன்னேன். ஆனா ஒரு கஷ்டம் பாரு, இல்லைன்னு சொன்னா ஒடனே மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு, கலைஞ்சிருச்சுங்களான்னு கேக்கறாங்க. கலையல, இருந்தாத்தான கலையறதுக்குன்னு சொன்னா முழிக்கறாங்க. அப்பறம் குழாய்ல இருந்து ஆரம்பிச்சு, ஆர்ஓ மிசினு, மொதத் தண்ணி, மீசைக்காரரு வரைக்கும் முழுசாச் சொன்னாத்தான் புரியுது. வாட்சப்புல எட்டு வாய்ஸ் மெசேஜ். கேட்டவங்க எல்லாம் அவங்கவங்க ஊட்டுச் செம்புப் பாட்டிலை எடுத்து மோந்து பாக்கறாங்களாம். பாக்கியம் செம்புச் சொம்பைத் தூக்கிப் பூச்செடிக்குப் போட்டுருச்சு. அவ சொன்னதைவிடச் சாஸ்தியாவே செஞ்சிருக்கறேன் கண்ணு. முன்னாடி சொல்லாதவங்ககிட்டயும் இப்பச் சொல்லியாச்சு. உனக்கே சொல்லிட்டேன் பாரு. தாரணிக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோசப்படுவா?

நேத்து ராவு போன் பண்ணினேன். முடிச்சுட்டேன் கண்ணு, ஒருத்தர் விடல, நாளைக்கு வந்து கூட்டிட்டு வந்தர்றேன்னு. லைன் கட்டாயிருச்சோன்னு அலோ அலோன்னு கத்தறேன்.

"இன்னும் ஒருத்தர்கிட்டச் சொல்லலீங்க அத்தை. என்கிட்டயும் நீங்கதான சொன்னீங்க"ன்னா.

இதென்ன கண்ணு வெளையாட்டு? டாக்டரம்மா சொல்றப்ப அவ பக்கத்துலதான உக்காந்திருந்தா? ரிப்போர்ட் அவ கையிலதான இருக்குது? தெரிஞ்சவகிட்டப் போயி நான் என்னத்தச் சொல்றது? சபரீசுகிட்டக் கேட்டேன், அவன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். எங்கூட்டுக்காரருகிட்டக் கேட்டேன், போயிச் சொல்லிட்டுத்தான் வாயேன்னாரு, என்ற மூஞ்சியைப் பாக்காம. சரி, சொல்லிட்டாப் போச்சு. ஊருக்கே சொன்னவளுக்கு இது ஒரு வேலையா?

நீயும் அவ வயசுதான. நீதான் தாரணின்னு வெச்சுக்கோ, நான் சொல்லிப் பாக்கறேன், தப்பா இருந்தாச் சொல்லு. "கண்ணு, டாக்டரம்மா சொன்னாங்கல்ல..." இல்ல, டாக்டரம்மா சொன்னது வேண்டாம், நான் சொல்லோணும்ங்கறா. "தாரணி, நான் சொன்னேன்ல கண்ணு, உன்ற வயித்துல..."

இரு. மறுக்கா சொல்றேன்.

"தாரணி, உன்ற வயித்துல கொழந்தை..."

தண்ணியெல்லாம் வேண்டாம் கண்ணு, உள்ள வெச்சுக்கோ. ஊரு பூரா சிரிச்சுட்டே சொன்னேன். பூசாரிகிட்டச் சொல்றப்பக்கூட அவரு சிரிக்கற மாதிரிச் சொன்னேன். இப்ப உன்ற மூஞ்சியைப் பாத்தா, அவ கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து சொம்பு வாங்கறப்ப இருக்கற மூஞ்சியாட்டவே இருக்குது. என்னையவே பாத்துட்டு இருக்கறாப்பல இருக்குது. அவ நம்பிட்டா கண்ணு. நான் சொன்னேன்னு நம்பிட்டா. அவளுக்கு அங்க ஒரு கொழந்தை இருந்துருக்குது. டாக்டரு இல்லைன்னப்ப நான் வராண்டாவுல நின்னு சிரிச்சுட்டு இருந்தேன்.

உடுமலை வந்துருச்சா? இத்தனை சீக்கிரமாவா? அந்தா பாரு, பஸ் ஸ்டாண்டுல மஞ்சச் சுடிதாரு போட்டுட்டு நிக்கறால்ல, அதுதான். என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கறா. ஜன்னல் ஜன்னலாத் தேடறா. கையை ஆட்டாத கண்ணு, பாத்துருவா. நீ மொதல்ல எறங்கு, நான் காலை மடக்கிக்கறேன். எல்லாரும் எறங்கட்டும். நான் கடைசியா எறங்கறேன்.